உத்தரவின் பேரில் மனமாற்றம்

குடித்துவிட்டுக் கார் ஓட்டிப் பிடிபட்டவனை நீதிமன்றம் வகுப்புக்கு அனுப்பும் வழக்கம் அமெரிக்காவில் அரை நூற்றாண்டைக் கடந்துவிட்டது. 1966இல் அரிஸோனாவின் பீனிக்ஸ் நகரில் ஸ்டூவர்ட், மால்ஃபெட்டி என்ற இருவர் நான்கு அமர்வுகளில் முடியும் ஒரு பாடத்திட்டத்தைத் தொடங்கினார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் மத்திய அரசின் போக்குவரத்துத் துறை 35 இடங்களில் பணம் கொடுத்து நடத்திய திட்டங்கள் இவ்வகை வகுப்புகளை நாடெங்கும் பரப்பின. இன்று கலிபோர்னியாவில் முதல் தடவை பிடிபட்டவனுக்குப் பொதுவாக மூன்று மாதம், 30 மணி நேரம். ரத்தத்தில் சாராயத்தின் அளவு 0.20 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் ஒன்பது மாதம், 60 மணி நேரம். இரண்டாம் தடவை பிடிபட்டவனுக்கு 18 மாதம். கட்டணம் அவனுடையது. படித்து முடித்ததற்கு ஒரு சான்றிதழ் உண்டு.

கார் ஓட்டத் தெரியாத, அந்த நாட்டைப் படிப்பின் வழியாக மட்டுமே அறிந்த நான் இதைப் பற்றி ஏன் யோசிக்க வேண்டும் என்று கேட்கலாம். வார்த்தைகளால் மனிதனை மாற்ற முடியுமா என்பது நம் சிறு வட்டம் ஓயாமல் வாதிடும் கேள்வி. கலை போதிக்காது என்று பெரும்பாலோர் சொல்லி முடித்துவிட்டோம். ஒரு அரசோ அதே கேள்விக்கு, முடியும் என்று முன்கூட்டியே முடிவெடுத்து, வருகைப் பதிவேடு வைத்து, பலனையும் எண்ணிப் பார்த்திருக்கிறது. அந்தப் பரீட்சையின் முடிவைப் பாராமல் நம் விவாதத்தைத் தொடர்வது நேர்மையாகாது என்று எனக்குத் தோன்றுகிறது.

தண்டனை ஆத்மாவுக்கு மருந்து என்ற எண்ணம் பிளேட்டோவின் 'கோர்கியாஸ்' அளவுக்குப் பழையது. ஹெகல் வேறு பக்கம் போனார்: தண்டிக்கும்போதுதான் குற்றவாளியை அறிவுள்ள ஜீவனாக மதிக்கிறோம், அவனைத் திருத்தப் புறப்படும்போது அந்த மரியாதையைப் பறித்துவிடுகிறோம். 1949இல் ஸி. எஸ். லூயிஸ் இதே பயத்தை மேலும் கூர்மையாக்கினார். தண்டனைக்குத் 'தகுதியானது' என்று ஒரு எல்லை உண்டு, சிகிச்சைக்கு அந்த எல்லை கிடையாது, குணமாகிவிட்டான் என்று நிபுணர் சொல்லும்வரை அது நீளும் என்பது அவர் வாதம். 1984இல் ஜீன் ஹாம்ப்டன் இதற்கு ஒரு பதில் வைத்தார். தண்டனையே ஒரு தார்மீகக் கல்வி. ஆனால் கல்வி என்றால் பழக்கிவிடுதல் அல்ல. கேட்பவன் மறுத்துவிடக்கூடிய சுதந்திரம் அதில் எப்போதும் மிஞ்சுகிறது. நான் ஹாம்ப்டன் பக்கம் சாய்கிறவன். ஆனால் அந்த மிஞ்சுகிற சுதந்திரத்தை இந்த வகுப்புகள் என்ன செய்கின்றன என்று பார்க்கும்போதுதான் சங்கடம் தொடங்குகிறது.

முதலில், இந்த மாணவனுக்குத் தெரியாதது என்ன? குடித்தால் கை தாமதிக்கும், கண் ஏமாற்றும் என்பது அவனுக்குத் தெரியும். அளவுகளும் சட்டப் பிரிவுகளும் வேண்டுமானால் தெரியாமல் இருக்கலாம். அறிந்தே தவறுகிறவனைப் பற்றி அரிஸ்டாட்டில் பேசும் இடத்தில் ஒரு உவமை வருகிறது. அப்படிப்பட்டவன் சரியானதைச் சொல்வது, குடித்தவன் எம்பெடாக்ளிஸின் கவிதை வரிகளை ஒப்பிப்பதைப் போன்றது. வரிகள் பிசகாமல் வருகின்றன. அறிவு அங்கே இல்லை. கற்றது உடம்போடு ஒன்றாக வளர வேண்டும், அதற்குக் காலம் வேண்டும் என்கிறார். முப்பது மணி நேரப் பாடத்தின் கடைசி நாளில், தெளிந்த கண்ணோடு, சரியான விடைகளைச் சொல்கிறவனை நினைத்துக்கொள்கிறேன். அவன் பொய் சொல்லவில்லை. ஒப்பிக்கிறான். இப்போது அவன் குடித்திருக்கவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

அவனுடைய நிலைமையில் இன்னொரு விசித்திரமும் உண்டு. அவன் பெரும்பாலும் யாரையும் கொன்றவன் அல்ல. கொன்றவனின் வழக்கு வேறு, அவன் போகுமிடமும் வேறு. தார்மீக அதிர்ஷ்டம் பற்றிய கட்டுரையில் தாமஸ் நேகல் இந்த உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறார்: மிதமிஞ்சிக் குடித்தவனின் கார் நடைபாதையில் ஏறுகிறது, அங்கே யாரும் இல்லாவிட்டால் அவன் அதிர்ஷ்டசாலி. செய்த காரியம் இருவருக்கும் ஒன்று. எதிரே ஆள் இருந்ததும் இல்லாததும் தற்செயல். ஆக இந்த வகுப்பு, நடைபாதை காலியாக இருந்தவர்களின் வகுப்பு. நடக்காத ஒரு சாவுக்குத் தன்னைப் பொறுப்பாளியாகக் கற்பனை செய்துகொள் என்று அவனிடம் கேட்கப்படுகிறது. இது தகவல் சம்பந்தப்பட்டதல்ல, கற்பனை சம்பந்தப்பட்டது. நம் தொழிலின் எல்லைக்குள் வந்துவிட்டது.

இதை உணர்ந்துதானோ என்னவோ, குடிகார ஓட்டுநர்களுக்கு எதிரான தாய்மார் இயக்கம் 1980இல் தோன்றிய பிறகு, இழந்தவர்களே வந்து பேசும் கூட்டங்கள் ஏற்பட்டன. பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி நின்று நடந்ததைச் சொல்கிறாள். கேட்பவர்களைக் குற்றம் சாட்டுவதில்லை என்பது அங்கே ஒரு விதி. போதனை இல்லை, வாதம் இல்லை, ஒரு அனுபவம் மட்டும் முன்வைக்கப்படுகிறது. நாம் நல்ல எழுத்தைப் பற்றிச் சொல்லும் இலக்கணம் ஏறக்குறைய இதுதான். ஆனால் கேட்க வந்தவன் உத்தரவின் பேரில் வந்தவன். விரும்பிப் புத்தகத்தைத் திறக்கிறவனும், திறக்காவிட்டால் சிறை என்று திறக்கிறவனும் ஒரே வாசகனா? இந்தக் கூட்டங்கள் மீண்டும் பிடிபடுவதைக் குறைக்கின்றனவா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. எனக்கு அதில் வியப்பில்லை.

கட்டாயம் எங்கே போய் முடியும் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் ஆரஞ்சு கவுண்டியில், ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் மூன்றாம் தடவையாகப் பிடிபட்ட ஒருவனை 1990இல் நீதிமன்றம் நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டது. நிபந்தனைகளில் ஒன்று, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குப் போக வேண்டும் என்பது. அங்கே பிரார்த்தனை உண்டு. தன்னினும் உயர்ந்த சக்தியிடம் சரணடைவது உண்டு. அவன் நாத்திகன். ஆட்சேபித்தான். ஈடுபாடு போதவில்லை என்று முடிவு செய்த அதிகாரி, ஈடுபாட்டைத் தீவிரமாக்கும் வேறு கூட்டங்களுக்கு அனுப்பினார். பின்னால் மேல்முறையீட்டு நீதிமன்றம் இது மதத்தை அரசு திணித்த செயல் என்று ஏற்றுக்கொண்டது. அவனுக்குக் கிடைத்த நஷ்டஈடு ஒரு டாலர்.

சட்டத்துக்கு இது மதப் பிரச்னை. எனக்கு அது அந்த 'ஈடுபாடு' என்ற வார்த்தையில் இருக்கிறது. வந்தான், வரவில்லை என்பதை அதிகாரி எழுதலாம். உள்ளே நெகிழ்ந்தானா என்று எழுதத் தொடங்கிய கணத்தில், நெகிழ்ந்தவனுக்கும் நெகிழ்ந்ததாக நடிப்பவனுக்கும் இடையிலான வேறுபாட்டை அதிகாரியே அழித்துவிடுகிறார். நடிப்புக்கு விலை வைத்த பிறகு உண்மையை எப்படிக் கண்டுகொள்வது? லூயிஸ் பயந்தது இதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

இனி எண்ணிக்கை. 1995இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 215 மதிப்பீடுகளைச் சேர்த்துப் பார்த்தது. இவ்வகைத் திட்டங்களுக்குப் போனவர்கள் மீண்டும் குற்றத்தில் இறங்குவது, போகாதவர்களைவிட எட்டு ஒன்பது சதவீதம் குறைவு. இதைக் கேட்டுச் சிரிக்கலாம். நான் சிரிக்கவில்லை. ஏதோ ஒரு இரவில் யாரோ ஒருவன் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு நடந்து போயிருக்கிறான். தெருவைக் கடந்த எவரோ வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார், தான் தப்பியது தெரியாமலே. வார்த்தைக்கு அவ்வளவு கனம் இருக்கிறது. நம் எழுத்தில் எதற்கு இவ்வளவு சாதனையை நாம் நிரூபித்துக் காட்ட முடியும்?

ஆனால் மற்றொரு கணக்கையும் மறைக்கக் கூடாது. எழுபதுகளில் கலிபோர்னியா, லைசென்ஸைப் பறிப்பதற்குப் பதிலாக வகுப்பு என்று சோதித்துப் பார்த்தது. லைசென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனவர்களின் விபத்துக் கணக்கு, அதைப் பறிகொடுத்தவர்களுடையதைவிட மோசமாக இருந்தது. காரணம் எளிது. ஓட்டாதவன் மோதுவதில்லை. பாடத்தைத் தண்டனைக்கு மாற்றுச் சரக்காக விற்றதன் விலையை யாரோ தெருவில் கொடுத்தார்கள்.

ஆகவே என் நிலை இது. தண்டனை தண்டனையாகவே இருக்கட்டும்: லைசென்ஸைப் பறிப்பது, அபராதம், அளவான சிறை. அதை வாங்கிக்கொள்வதில் குற்றவாளியின் மானம் குறைவதில்லை. அதன் பக்கத்தில், எதற்கும் மாற்றாக இல்லாமல், வகுப்பும் இருக்கட்டும். வா, உட்கார், கேள் என்று உத்தரவிட நீதிமன்றத்துக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். அவன் ஓட்டியது பொதுத் தெருவில். ஆனால் உத்தரவு செவியோடு நின்றுவிட வேண்டும். சான்றிதழில் வந்தான் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இருக்கக் கூடாது. பின்வரிசையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பவனையும் அப்படியே வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அவன் அடுத்த வாரமே மறுபடி குடித்து ஓட்டக்கூடும், அப்போது ஒருவர் சாகவும் கூடும். இந்த வாதத்தின் கணக்கில் அந்தச் சாவும் சேர்ந்தது என்பது எனக்குத் தெரியும். இருந்தும் அவன் மனத்தைத் திறந்துபார்க்கும் அதிகாரத்தை எந்த ஆசிரியருக்கும் கொடுக்க நான் தயாராக இல்லை.