கடைசி இலக்கத்துக்குச் சாட்சி யார்?

பரீட்சைத் தாளில் ஒரு மாணவன் விடையை 3.22 சதுர சென்டிமீட்டர் என்று எழுதுகிறான். பெருக்கலில் பிழை இல்லை. 2.3ஐ 1.4ஆல் பெருக்கினால் 3.22தான் வரும். இருந்தும் பௌதிக ஆசிரியர் அரை மதிப்பெண்ணைக் குறைத்துவிடுகிறார். 3.2 என்று நிறுத்தியிருக்க வேண்டுமாம். 'சரியாகக் கணக்குப் போட்டதற்கா தண்டனை?' என்று மாணவன் கேட்பான். கேள்வியில் நியாயம் இருப்பது போலத்தான் தோன்றும்.

ஆனால் ஆசிரியர் கட்சிதான் என் கட்சி. அளவுகோலில் மில்லிமீட்டர் வரைதான் கோடு இருக்கிறது. நீளம் 2.3 என்றால், 2.25க்கும் 2.35க்கும் நடுவே எங்கோ இருக்கிறது என்று பொருள். அகலமும் அப்படியே, 1.35க்கும் 1.45க்கும் நடுவே. ஆகவே பரப்பு 3.04 ஆகவும் இருக்கலாம்; 3.41 ஆகவும் இருக்கலாம். 3.2 என்பதிலேயே அந்த 2 சற்று ஆட்டம் காண்கிறது. அதற்கும் பின்னால் நிற்கும் இன்னொரு 2க்கு யார் சாட்சி? கண் பார்க்கவில்லை, வாய்பாடு கொடுத்தது. பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்வதற்கு நீதிமன்றத்தில் பொய்ச் சாட்சி என்று பெயர். பாடப்புத்தகம் 'முக்கிய எண்ணுருக்கள்' என்று சொல்வதை நான் ஒழுக்கப் பாடமாகவே வாசிக்கிறேன்: தெரிந்ததைச் சொல், தெரிந்த இடத்தில் நிறுத்து.

உலகம் இந்தப் பாடத்தை விரும்புவதில்லை. 1802இல் நம் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் நில அளவை, இமயம் வரை சென்று, 1856இல் எவரெஸ்டின் உயரம் 29,002 அடி என்று அறிவித்தது. கணக்கில் வந்தது சரியாக 29,000 என்றும், குத்துமதிப்பு என்று ஜனங்கள் நினைத்துவிடக் கூடாதே என்று இரண்டு அடி கூட்டினார்கள் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, மனித சுபாவம் அதில் இருக்கிறது. உருண்டையான எண்ணைச் சந்தேகிப்போம். பின்னம் ஒட்டிக்கொண்டிருந்தால் கும்பிடுவோம். 1955இல் இந்திய நில அளவைத் துறை கண்ட உயரம் 29,028 அடி. முன்பு சொன்ன அந்த 'இரண்டு' அடியின் மதிப்பு என்னவென்று இப்போது தெரிகிறதல்லவா?

மலையோடு போனால் பரவாயில்லை. குழந்தைகளிடமும் அதையே செய்கிறோம். நம் பொறியியல் கலந்தாய்வில் 200க்குக் கணக்கிடும் மதிப்பெண்ணில், 195.5க்கும் 195க்கும் உள்ள வித்தியாசம் பௌதிகத்தில் ஒரே ஒரு மதிப்பெண்தான். அகில இந்திய ஜே.இ.இ. தேர்விலோ 2019 முதல் மாணவனின் இடத்தை ஏழு தசமத் தானம் வரை எழுதுகிறார்கள். மில்லிமீட்டருக்கு மேல் பேசாதே என்று மாணவனுக்குக் கற்பித்த நாம், அவன் அறிவை எந்த அளவுகோலால் இவ்வளவு நுணுக்கமாக அளந்தோம்? அன்று தலைவலி இல்லாமல் இருந்திருந்தால் அந்த ஏழு இலக்கங்களில் எத்தனை மிஞ்சும்?

இடங்கள் சொற்பம், எங்காவது கோடு கிழித்துத்தானே ஆக வேண்டும் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். கோடு கிழிப்பது நிர்வாகத்தின் தேவை. ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் கெட்டிக்காரன், அந்தப் பக்கம் மக்கு என்று பெற்றோரும் உற்றாரும், கடைசியில் அந்தப் பிள்ளையுமே நம்பிவிடுவது தேவையில்லை. அது பொய்; பல வீடுகளில் சோறு இறங்காமல் செய்கிற பொய்.

அதே கலந்தாய்வில் சமவாய்ப்பு எண் என்று ஒன்று உண்டு. மதிப்பெண், பிறந்த தேதி எல்லாம் ஒன்றாக இருந்தால், யார் முன்னால் என்பதைக் குலுக்கலில் விழுந்த அந்த எண் தீர்மானிக்கும். படிப்புக்குக் குலுக்கலா என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கோ அந்தப் பட்டியலிலேயே அதுதான் யோக்கியமான எண்ணாகப் படுகிறது. இதற்கு மேல் எங்களுக்குத் தெரியாது என்று அது ஒன்றுதான் ஒப்புக்கொள்கிறது.