வகுப்பும் விதியும்

மனிதரைப் பிறப்பால் வகுத்து வைத்ததன் தீங்கை நாம் நன்கறிவோம். ஆதலின், "இக்குழந்தை இன்ன வகுப்பு, இது பிழைக்கும் வாய்ப்பு இவ்வளவு" என்று ஒருவர் உரைக்கக் கேட்டால் நம் மனம் துணுக்குறுகின்றது. உரைப்பவர் சோதிடராயின் நகைத்துவிட்டுப் போகலாம். வைத்தியராயின் என் செய்வது?

குழந்தைகளைப் பற்றும் கடும் ரத்தப் புற்றுநோயைக் குறித்தே இவ்வினாவை எழுப்புகின்றோம். எலும்பு மச்சையில் முதிராத வெள்ளணுக்கள் கட்டின்றிப் பெருகி, நல்ல ரத்தம் ஊறுவதற்கே இடமில்லாமற் செய்யும் நோய் இது. மருந்தில்லாத காலத்தில் இதனை வகை பிரித்தலாற் பயன் சிறிதே. எவ்வகையாயினும் முடிவு ஒன்றாகவே இருந்தது. 1948-இல் போஸ்டன் நகரத்து சிட்னி பார்பர், அமினாப்டெரின் என்னும் மருந்தை 16 குழந்தைகளுக்குக் கொடுத்து, 10 பேரிடம் நோய் சில காலம் தணியக் கண்டார். அம்மருந்தை ஆக்கிய ஆராய்ச்சிக் கூட்டத்தின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். பின்னர் வந்த வின்கிறிஸ்டின் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படுவது. சுடுகாட்டு மல்லி என்று நம்மவர் ஒதுக்கிய செடி அது!

மருந்து வந்த பின்னரே வகுப்புக்குப் பொருள் வந்தது. ஒரே மருந்தை உண்டு ஒரு குழந்தை பிழைக்கின்றது, மற்றொன்று மாய்கின்றது, ஏன்? 1976-இல் பிரெஞ்சு, அமெரிக்க, பிரிட்டிஷ் அறிஞர் கூடி, நுண்ணோக்கியிற் கண்ட வடிவத்தைக் கொண்டு இந்நோயின் நிணவணு வகையை மூன்றாகப் பிரித்தனர். வடிவம் அகத்தை முற்றும் காட்டவில்லை. ஆகவே குழந்தையின் வயது, ரத்தத்தில் வெள்ளணுக்களின் தொகை, அணுவின் குரோமோசோம் குறைகள் ஆகியவற்றையும் சேர்த்து நோக்கலாயினர். இவையனைத்தினும் மேலான அளவுகோல் ஒன்று உண்டு: சிகிச்சை தொடங்கிய பின் நோயணு எவ்வளவு எஞ்சியிருக்கின்றது என்பது. நுண்ணோக்கிக்குத் தூய்மையாகத் தோன்றும் மச்சையிலும், பதினாயிரத்தில் ஒன்றாக ஒளிந்திருக்கும் நோயணுவை இன்றைய சோதனை கண்டுபிடிக்கின்றது.

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையும் மலாயாப் பல்கலைக்கழகமும் பிறவும் கூடி நடத்திய 'மா-ஸ்போர் 2003' ஆய்வு இவ்வளவுகோலைக் கைக்கொண்டது. இரு நாட்டுக் குழந்தைகள் 556 பேர் அதில் இருந்தனர். எஞ்சிய நோயணுவைக் கொண்டு அவர்கள் மூன்று வகுப்பாகப் பிரிக்கப்பட்டனர். 2012-இல் வெளிவந்த முடிவின்படி, ஆறாண்டு வரை நோய் மீளாது, வேறு கேடும் நேராது வாழ்ந்தோர் முதல் வகுப்பில் நூற்றுக்கு ஏறக்குறைய 93, இடை வகுப்பில் 84, கடை வகுப்பில் 52.

செங்காங்கின் அடுக்குமாடி வீடொன்றில் வாழும் தாய் ஒருத்தியிடம் இந்த 93-ஐச் சொல்லுங்கள். "நூறு பிள்ளைகள் எனக்கில்லையே ஐயா, ஒருவன்தானே!" என்பாள். அவள் சொல்வதில் பிழையில்லை. எண் கூட்டத்தைப் பற்றிப் பேசும். அவள் மகனைப் பற்றி அது ஒன்றும் அறியாது. ஆயினும் வைத்தியர் அவ்வெண்ணைக் கொண்டே அம்மகனுக்கு மருந்தளக்க வேண்டியிருக்கின்றது. முதல் வகுப்பினர்க்கு அவ்வாய்வில் மருந்து குறைக்கப்பட்டது. இதயத்தைத் தாக்கவல்ல மருந்தொன்று தொடக்கத்திற் பலர்க்கு விலக்கப்பட்டது. இது முறையா? மருந்தைக் குறைத்து மீதி 7 பேரைப் பணயம் வைப்பதாகாதா?

நாம் முறையே என்கின்றோம். மருந்தைக் கூட்டுதலும் பணயமே. நஞ்சு அளவுக்கு மிஞ்சினால் தொற்றுநோயால் மாயும் குழந்தைகளும் உண்டு. இருபதாண்டு கழித்து இதயம் தளரும் இளைஞரும் உண்டு. அவர்தம் கணக்கு வேறு ஏட்டில் எழுதப்படுவதால் நம் கண்ணிற் படுவதில்லை, அவ்வளவே. பெற்றோரிடம் இவ்விரு கணக்கையும் மறையாது சொல்லுதல் வேண்டும். 'உங்களுக்குப் புரியாது' என்று தோட்டத் தொழிலாளியிடம் மட்டும் வாயை மூடிக்கொள்வது நம்மிடையே பழகிப்போன ஒரு வழக்கம். அதனை நாம் ஒப்பவில்லை.

சாதகம் எழுதியவன் அதனைத் திருத்துவதில்லை. பலன் பொய்த்தால் பிறந்த நேரத்தின்மேற் பழி போடுவான். வைத்தியரின் வகுப்போ பொய்யாக்கப்படுவதற்கென்றே எழுதப்படுகின்றது. பிலடெல்பியா குரோமோசோம் உடைய குழந்தை என்றால் முன்னர் நம்பிக்கை மிகக் குறைவு. அக்குறையால் விளையும் புரதத்தையே தடுக்கும் இமாட்டினிப் என்னும் மாத்திரையை வழக்கமான மருந்துகளோடு சேர்த்த பின், அதே பெயர், கொடுக்கவேண்டிய மருந்தைச் சுட்டும் பெயராயிற்று.

மா-ஸ்போர் ஆய்விலும் இதுவே நடந்தது. நோய் மீண்ட குழந்தைகளின் அணுக்களை ஆராய்ந்தபோது, இக்காரோஸ் என்னும் மரபணு சிதைந்திருந்தோர்க்கு நோய் மிகுதியாக மீண்டமை தெரிந்தது. அடுத்த ஆய்வில் அத்தகையோர்க்கு வகுப்பை மாற்றி மருந்தை வலுப்படுத்தினர். 2018-இல் வெளியான கணக்கின்படி, அவர்களுள் ஐந்தாண்டுக்குள் நோய் மீண்டோர் நூற்றுக்கு ஏறத்தாழ 30-இலிருந்து 14-ஆகக் குறைந்தனர். அந்த முப்பதின்மரை ஈன்ற தாய்மார்க்கு இச்செய்தி யாது ஆறுதல் தரும் என்று நம்மாற் சொல்லக்கூடவில்லை.