பானையில் யார் பெயர்?

பங்கிட வேண்டியது கொஞ்சம், கேட்பவர்கள் அதிகம் என்றால் நியாயம் எங்கே தொடங்குகிறது? பங்கு போடும் முறையிலா, பங்காளி யார் என்று முடிவு செய்வதிலா? நான் சுண்ணாம்புக்குளத்தில் பிறந்து கும்மிடிப்பூண்டியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்துப் பிழைத்தவன். தத்துவம் படித்ததில்லை. இந்தக் கேள்வியை எனக்குள் கிளப்பியது பழைய மதர்போர்டு.

சவுண்ட் கார்டோ மோடமோ, தனக்கு வேலை வந்ததும் பிராசஸரைக் கூப்பிட வேண்டும். அதற்குப் பெயர் இன்டரப்ட். 1984இல் வந்த ஐபிஎம் ஏடி கணினியில் அதற்கு 15 வழிகள்தான். கடிகாரம், கீபோர்டு, டிஸ்க், பிரிண்டர் என்று போர்டில் இருப்பவையே பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அந்தக் காலத்து ஐஎஸ்ஏ கார்டுகளுக்குப் பகிர்ந்துகொள்ளத் தெரியாது. மோடமும் சீரியல் போர்ட்டும் ஒரே எண்ணில் விழுந்தால் ஏதாவது ஒன்று வேலை செய்யாது. ஜம்பரைப் பிடுங்கி வேறு எண்ணுக்கு மாற்றுவோம்.

1992இல் கார்டுகளை இணைக்கப் பிசிஐ என்ற புது முறை வந்தது. ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் ஏ, பி, சி, டி என நான்கு கம்பிகள். பெரும்பாலான கார்டுகள் ஏ கம்பியை மட்டுமே தொடும். எல்லா ஏ கம்பிகளையும் ஒன்றாகச் சேர்த்தால் மொத்தக் கூட்டமும் ஒரே வழியில் நெரியும். அதனால் ஸ்லாட்டுக்கு ஸ்லாட் ஒரு படி சுழற்றி இணைத்தார்கள். முதல் ஸ்லாட்டின் ஏ முதல் வழிக்கு, இரண்டாவதின் ஏ இரண்டாவது வழிக்கு. ஐந்தாவது ஸ்லாட் மறுபடி முதல் வழிக்கே வரும். அங்கே இருவரும் பங்காளிகள். அழைப்பு வந்தால் இருவரின் டிரைவரும் தத்தம் கார்டைப் பார்த்து, தன்னுடையது இல்லையென்றால் ஒதுங்க வேண்டும். யாருமே ஏற்காத அழைப்பு ஓயாமல் வந்தால் லினக்ஸ் அந்த வழியையே அடைத்துவிடும். ஒருவர் தவறுக்குப் பங்காளிகள் எல்லாரும் முடங்குவார்கள்.

எங்கள் பழவேற்காடு ஏரியில் இந்தச் சுழற்சிக்குப் பெயர் பாடு. முகத்துவாரத்தை ஒட்டி இறால் ஓடும் இடங்கள் சிலதான். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவச் சாதியினரான பட்டினவர்கள் சீட்டுப் போட்டு, முறை வைத்து அங்கே வலை கட்டுவார்கள். நல்ல இடம் ஒருவனுக்கே நிலைக்காது. பேராசையை அடக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

ஆனால் சீட்டில் பெயர் வர அந்தச் சாதியில், அந்த ஊரில், ஆணாகப் பிறந்திருக்க வேண்டும். எங்கள் குடும்பத்துக்குப் பாடு கிடையாது. பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கும் கிடையாது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் குடவோலைத் தேர்தலும் இப்படித்தான். குலுக்கல் நேர்மையானது, ஆனால் குடத்தில் ஓலை விழ நிலம், சொந்த மனை, வேதப் படிப்பு, 35 முதல் 70 வரை வயது எல்லாம் வேண்டும். மதர்போர்டிலும் எந்த ஸ்லாட்டின் கம்பி எங்கே போகிறது என்ற அட்டவணை பயாஸ் மென்பொருளில் இருக்கும். அதில் பிழை இருந்தால், பழுதில்லாத கார்டின் குரலும் போய்ச் சேராது. கோளாறு கார்டில்தான் என்று எல்லாரும் நினைப்பார்கள்.

கணினி இந்தச் சிக்கலிலிருந்து தப்பித்துவிட்டது. பிசிஐ எக்ஸ்பிரஸில் இன்டரப்டுக்கென்று தனிக் கம்பியே இல்லை. கார்டு தன் அழைப்பைச் செய்தியாகவே அனுப்புகிறது. வழிகள் பெருகியதால் பகிரும் கட்டாயம் போனது. ஏரிக்கு அந்த வசதி இல்லை. முகத்துவாரம் மணல் மூடி அடைகிறதே தவிர, இறால் ஓடும் இடம் பெருகவில்லை. எனவே நமக்கு முறையும் வேண்டும், பட்டியலும் திருந்த வேண்டும். குலுக்கல் எவ்வளவு நேர்மையானது என்று பெருமைப்படுவதற்கு முன், யார் பெயரெல்லாம் பானைக்குள் விழவே இல்லை என்று கேளுங்கள். நியாயம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.