கையே முதல்

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உப்பங்கழி. கரையெல்லாம் சுரபுன்னையும் வெண்கண்டலும் அடர்ந்த அலையாத்திக் காடு. இருளர் ஆணும் பெண்ணும் தண்ணீரில் இறங்கி, சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறி. இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். இந்தத் தொழிலுக்குக் கையே முதல்.

*

படகு வைத்திருப்பவர் படுத்துவிட்டால் படகை இன்னொருவர் ஓட்டலாம். உடம்பே முதலாக இருந்தால், காய்ச்சல் வந்த அன்றே தொழில் நின்றுவிடும். அடுத்தது கைமாற்று, அதற்கடுத்தது வட்டி. வியாபாரியிடம் முன்பணம் வாங்கியாகிவிட்டது என்றால், பிறகு பிடிக்கும் இறாலுக்கு அவர் வைத்ததுதான் விலை.

*

அனிருத் கிருஷ்ணா என்ற ஆய்வாளர் ராஜஸ்தான், குஜராத், ஆந்திரம், கென்யா, உகாண்டா, பெரு என்று பல ஊர்களில் ஒவ்வொரு குடும்பமும் எப்படி நொடித்தது, எப்படி நிமிர்ந்தது என்று விசாரித்தார். 2010இல் அது நூலாக வந்தது. நொடித்ததற்கு முதல் காரணம் நோயும் வைத்தியச் செலவும். கூடவே கல்யாணம், கருமாதி, வட்டி. நிமிர்ந்ததற்குக் காரணம் பெரும்பாலும் இன்னொரு வருமானம். ஆக, நிமிர்த்தும் உதவி சரிவைத் தடுக்காது. கடன் கொடுத்து வலை வாங்க வைத்த வீட்டில், மறுவருஷம் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதானால் முதலில் விலைபோவது அந்த வலைதான்.

*

2004 டிசம்பர் 26 சுனாமியின் வேகத்தை இந்த அலையாத்திக் காடு தணித்தது. 2011 டிசம்பர் 30 தானே புயல் கடலூர் மாவட்டத்தின் முந்திரியையும் பலாவையும் சாய்த்தது. இவற்றுக்கெல்லாம் தேதி உண்டு, நிவாரணம் உண்டு. சம்பாதிக்கிறவர் படுக்கையில் விழுந்த தேதி அந்த வீட்டுக்கு மட்டுமே தெரியும்.

*

ஏற்றம் மெதுவாகத்தான் வருகிறது. பழங்குடிச் சான்றிதழ் கைக்கு வருவது, ஒரு பிள்ளை பத்தாவது தாண்டுவது, சுற்றுலாப் படகில் துடுப்புப் போடும் வேலை கிடைப்பது. பல வருஷத்தில் சேர்ந்த இதெல்லாம் ஒரு மாத ஆஸ்பத்திரி வாசத்தில் கரைந்துபோகலாம்.

*

2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆபரேஷன் செலவில் வீட்டை விற்காமல் தப்பித்தவர்கள் உண்டு. அது பெரிய காரியம். ஆனால் உடம்பு தேறும் வரை அடுப்பு எரிய வேண்டுமே, அதற்கு மறுபடியும் வட்டிக்காரர்தான். படுத்த நாளின் கூலியும் வைத்தியச் செலவுதான். அதைக் கணக்கில் சேர்க்காத காப்பீடு பாதிக் காப்பீடு.