குடியை விட்டவனும் அவனைக் காண வருபவரும்

குடியை விட முயலும் ஒருவனை அவன் வீடு தேடிச் சென்று காண்பது தொண்டா, மதப் பிரசாரமா? ஹாலிஎலப் பகுதித் தோட்டங்களில் இது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. ஞாயிறு ஆராதனை முடிந்தபின் சபை இளைஞர் இருவர் மூவர் லயத்துக்கு ஏறி வருகின்றனர். பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவனோ, சம்பள நாளிலும் தவறணைப் பக்கம் போகாது இரண்டு மாதம் தாக்குப்பிடித்தவனோ காம்பரா வாசலில் அவர்களுக்குப் பாய் விரிக்கின்றான். நலம் விசாரிப்பு, தேநீர், முடிவில் ஜெபம். “வேதக்காரன் ஆக்கத்தான் வருகிறார்கள்” என்று அடுத்த காம்பராவிலிருந்து ஒரு குரல் எழுகின்றது.

அக்குரலை அறியாமை என்று தள்ளிவிட நாம் ஒருப்படோம். அதற்கு நெடிய காரணம் உண்டு. கோப்பித் தோட்டக் காலத்தில், 1854 இல், ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்ற பெயரில் மலைநாட்டில் ஊழியம் தொடங்கியபோது அதன் செலவுக்குத் துரைமாரும் பணம் கொடுத்தனர். துரையின் பணத்தில் போதித்தவர் தொழிலாளியின் குடியைப் பாவமெனக் கண்டிக்க முடிந்தது. நாள் முழுதும் உழைத்தவனுக்கு அரைப்பேர் போட்டதை அவ்வாறு கண்டிக்க முடிந்ததா?

குடி எவருக்கு வருவாய் என்பதையும் கேட்டாக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை முதலாளிகள் பலர் முதல் திரட்டிய வழி சாராயக் குத்தகையே என்பதைக் குமாரி ஜயவர்தன 2000 இல் வெளியிட்ட ஆய்வு நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். குத்தகைக்காரர் மறைந்தனர், மதுவரி மறையவில்லை. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் பல்லாண்டு இழுபறிக்குப் பின் 2021 இல்தான் ஆயிரம் ரூபாயைத் தொட்டது. சாராயத்தின் விலை கைக்கு எட்டாதபோது கசிப்பு எட்டுகின்றது. இத்தனையையும் விட்டுவிட்டு, குடித்தவன் ஒருவனை மட்டும் பாவி என்று முழந்தாளிட வைக்கும் ஜெபத்தில் நமக்கு உடன்பாடில்லை.

ஆயின், வேறு யார் வருகின்றனர்? தொழிற்சங்கச் சந்தா சம்பளத்திலேயே கழிக்கப்படுவதால் அதை வாங்கக்கூட எவரும் லயத்துக்கு ஏறத் தேவையில்லை! 1984 இல் அமைந்த தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ ஆகிய இடங்களில் சிகிச்சை நிலையங்களை நடத்தி வந்துள்ளது. ஊவாவின் மலைச்சரிவிலிருந்து அவை யாவும் தொலைவே. வருகின்றவரின் கையில் வேதம் இருக்கின்றதே என்று முகம் சுளிப்போர், அவர் வராத ஞாயிற்றுக்கிழமையில் தாம் வருவரா என்பதையும் எண்ணிப் பார்க்கட்டும். சட்டமும் இதற்குத் தீர்வன்று. 2004 இல் மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்று பாராளுமன்றத்துக்கு வந்து, அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணென உயர் நீதிமன்றம் கூறியதை நாம் அறிவோம். மனத்தின் நோக்கத்தைப் பொலிசார் எவ்வாறு அளப்பர்?

1935 ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. பங்குச் சந்தைத் தொழிலில் இருந்த பில் வில்சன் குடியை விட்ட புதிதில், ஒக்ஸ்போர்ட் குழு என்ற கிறிஸ்தவ வட்டத்தின் உற்சாகத்தோடு பல மாதங்கள் குடிகாரரைத் தேடித் தேடிப் போதித்தார். ஒருவரும் திருந்தவில்லை, அவர் மட்டும் குடியாதிருந்தார். அக்ரன் நகரில் தொழில் முயற்சி தோற்று, விடுதியின் மதுச்சாலை தம்மை இழுத்த வேளையில், தமக்கு இன்னொரு குடிகாரன் தேவை என்பதை உணர்ந்தார். அப்போது தேடிச் சென்றது டாக்டர் பொப் ஸ்மித்தை. அறிவுரை கேட்டுக் கேட்டுச் சலித்திருந்த அம்மருத்துவர், தன் நன்மைக்காகவே வந்த மனிதனின் பேச்சுக்குச் செவி கொடுத்தார். அல்கஹோலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் அச்சந்திப்பில் பிறந்தது. பின்னர் அது ஒக்ஸ்போர்ட் குழுவினின்றும் பிரிந்து, கடவுளை எவ்வாறு கருதுவது என்பதை அவரவர்க்கே விட்டுவிட்டது.

நம் பகுதிக்கு வரும் இளைஞரோ பெரும்பாலும் குடித்தறியாதவர். அது குற்றமன்று. ஆனால் தாம் கொடுப்பவர், அவன் வாங்குபவன் என்ற எண்ணம் அதனால் எளிதில் முளைக்கின்றது. சுவிட்சர்லாந்துப் போதகர் ரோஷா 1877 இல் நீலச் சிலுவைச் சங்கத்தைத் தொடங்கியபோது, குடியனுக்கு உதவ முன்வருபவர் தாமும் மதுவைத் துறக்க வேண்டும் என்றார். உதவுகின்றவரும் ஒன்றை இழந்தாக வேண்டும் என்ற அந்நினைப்பு நமக்கு உயர்வாகவே தோன்றுகின்றது.

இவ்வருகையின் தரத்தை, அவன் மீண்டும் குடித்த வாரத்தில்தான் நாம் அளப்போம். இந்நோயில் மீண்டும் விழுதல் அரிதன்று. ஆயினும் நடப்பதென்ன? மூன்று மாதம் குடியாதிருந்தவனைக் கூட்டத்தில் நிறுத்திச் சாட்சி சொல்ல வைக்கின்றனர். அன்றோடு அவன் மீட்சி சபையின் வெற்றியாகிவிடுகின்றது. பிறகு விழுந்தால் அவன் தோட்டம் முழுவதன் முன்னிலையிலும் விழுகின்றான். நாணத்தால் கதவைச் சாத்திக்கொள்கின்றான். வந்தவர்களும் ஏமாற்றத்தோடு அடுத்த லயத்துக்குப் போய்விடுகின்றனர். ஜெபம் வேண்டாம் என்று சொன்னவனையும் விழுந்தவனையும் அதே முகத்தோடு மறு ஞாயிறு வந்து காண்பவர் எம்மதத்தவராயினும் அவரை நாம் சந்தேகியோம்.

இன்னொன்று, இது உயிர் பற்றியது. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவன் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, சித்தப்பிரமை தோன்றலாம். இரண்டு மூன்று நாளில் உயிரும் போகலாம். அந்நடுக்கத்தைப் பேயென்று கருதி இரவெல்லாம் ஜெபித்துக்கொண்டிருப்பது கொடுமை. அவனை அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி பிடிப்பதே அவ்வேளையில் ஊழியம்.

அவன் மனைவியைப் பற்றி எவரும் பேசுவதில்லை. மனைவியின் சம்பளத்தையும் கணவனே வாங்கிய வழக்கம் தோட்டங்களில் நெடுநாள் இருந்தது. அப்பணம் எங்கே போயிற்று என்பதை அவள் அறிவாள். விருந்தினர் வரும்போது அவள் அடுப்படியில் நிற்கின்றாள். ஜெபத்தில் அவள் பெயரும் வருகின்றது. அவள் சொல்வதைக் கேட்க எவரும் அமர்வதில்லை. சபையிலிருந்து பெண்கள் இருவர் உடன் வந்து, கொழுந்துக்கூடையை இறக்கி வைத்தவளோடு அடுப்படியிலேயே சிறிது நேரம் இருக்கலாம். தேநீரை அன்றைக்கு அவர்களே ஊற்றலாம்.