மிச்சமும் சாட்சியும்

பனமலைத் தாளகிரீஸ்வரர் கோயிலில், ராஜசிம்ம பல்லவன் காலத்துச் சிதைந்த சுவரோவியத்தில், தேவியின் உருவம் இன்னும் தெரிகிறது. தீட்டியவன் பெயர் இல்லை. ஓவியத்துக்கு அது குறையுமில்லை. பார்க்கப்படுவதே அதன் தர்மம்.

விசாகப்பட்டினக் கடற்கரையில் வேறுவகை மிச்சம் ஒன்று: குர்சுரா நீர்மூழ்கி. 1969இல் கடற்படையில் சேர்ந்து, 1971 போரில் ரோந்து சென்று, 2001இல் ஓய்வுபெற்று, 2002 முதல் காட்சிசாலை. கண்ணில் படாமலிருக்கச் செய்த கலம் காட்சிப் பொருளாக நிற்கிறது. சுற்றிக் காட்டுகிறவர்கள் ஓய்வுபெற்ற கடற்படையினர்.

இங்கேதான் சாட்சி தேவைப்படுகிறது. டார்பிடோ குழாயின் நீளத்தைப் பலகையே சொல்லிவிடும். அது யார்மேல் ஏவச் செய்யப்பட்டது, அதனருகே படுத்துறங்குவது எப்படியிருந்தது என்பதை நீருக்கடியில் வாழ்ந்தவன்தான் சொல்ல முடியும். வீரத்தை மட்டும் சொன்னால் அது பாதிச் சாட்சி. பயத்தையும் சொல்லவேண்டும். இல்லையேல் அடுத்த தலைமுறைக்கு மிஞ்சுவது, குழந்தைகள் ஏறியிறங்கும் ஒரு பெரிய இரும்புப் பொம்மை.