மாற்றமும் அறமும்

மாற்றம் வேண்டப்படுவது என்ற கருத்து நமது காலத்தில் ஏறக்குறைய விவாதத்துக்கு அப்பாற்பட்ட ஒன்றாகிவிட்டது. புதியது பழையதினும் மேலானது என்று கொள்வோரும், பழையதிலேயே நிலைபெற விரும்புவோரும் நம்மிடையே உளர். இவ்விரு சாராரும் எழுப்பும் வினா ஒன்றே: மாற்றம் நல்லதா, தீயதா? ஆயின் அதற்கு முன்னர் எழுப்பப்படவேண்டிய வேறு இரு வினாக்கள் உள்ளன. ஒரு மாற்றத்தை முடிவு செய்பவர் யார்? அதன் விலையைச் செலுத்துபவர் யார்? இருவரும் ஒருவராகவே இருக்கும்போது ஒழுக்கவியற் சிக்கல் பெரிதாகத் தோன்றுவதில்லை. முடிவு ஒருவருடையதாகவும் விலை வேறொருவருடையதாகவும் அமையும்போதே மாற்றம் அறத்தின் விசாரணைக்கு உரியதாகிறது. இவ்விசாரணையைச் சிறியதெனத் தோன்றும் ஓர் எடுத்துக்காட்டின் வழியாக நிகழ்த்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கணினியின் பணிசெயல் முறைமை இற்றைப்படுத்தப்படும் போதெல்லாம், திரைவாசிப்பானை நம்பித் தொழில் செய்யும் விழிப்புலனற்றோர் எதிர்நோக்கும் நிலையே அவ்வெடுத்துக்காட்டு.

திரைவாசிப்பான் என்பது கணினித் திரையில் உள்ளவற்றைப் பேச்சாகவோ பிறெயில் புள்ளிகளாகவோ மாற்றித் தரும் மென்பொருள். விழிப்புலனற்ற ஒருவர் சுட்டியை நாடுவதில்லை. விசைப்பலகையினாலேயே கணினியை ஆள்கிறார். எந்த விசையை எத்தனை முறை அழுத்தினால் எப்பட்டியல் திறக்கும், அதில் எத்தனையாவது இடத்தில் வேண்டிய கட்டளை உளது என்பன அவரது விரல்களிலும் செவியிலும் பதிந்துள்ளன. திரைவாசிப்பான் திரையைக் கண்ணாற் காண்பதன்று. ‘இது ஒரு பொத்தான், இதன் பெயர் சேமி, இது இப்போது செயற்படும் நிலையில் உளது’ என்று பணிசெயல் முறைமையும் ஏனைய மென்பொருள்களும் உள்ளிருந்து அறிவிக்கும் செய்திகளையே அது பெற்று ஒலிக்கிறது. அறிவிப்பு நின்றால் பேச்சும் நின்றுவிடும். பொத்தானின் தோற்றத்தை அழகுபடுத்திய ஒருவர் அதற்குப் பெயரிட மறந்தால், பார்ப்பவருக்கு அழகிய படமாகத் தெரிவது கேட்பவருக்கு வெறுமனே ‘பொத்தான்’ என்று மட்டுமே ஒலிக்கும்.

பிரெஞ்சு மெய்யியலாளர் மெர்லோ-பொன்ரி 1945இல் வெளியிட்ட ‘புலனறிவின் தோற்றப்பாட்டியல்’ என்னும் நூலில் விழிப்புலனற்றவரின் கைத்தடியைப் பற்றிப் பேசுகிறார். பழகிய கைத்தடி அவருக்கு ஒரு பொருளாகத் தோன்றுவதில்லை. அதன் நுனியே தொடும் இடமாகி, உடலின் நீட்சியாகிவிடுகிறது என்பது அவரது கருத்து. வெள்ளவத்தையில் வாழும் விழிப்புலனற்றவர் ஒருவர் ஒருபுறம் காலி வீதிப் பேருந்துகளின் இரைச்சலையும் மறுபுறம் கடலோரப் புகையிரதத்தின் ஒலியையும் கொண்டே தாம் நிற்கும் இடத்தைக் கணிக்கலாம். கொட்டாஞ்சேனையில் வாழ்பவருக்குப் புனித லூசியா பேராலயத்தின் மணியோசை திசைகாட்டியாகலாம். அவ்வாறு பழகிய நடைபாதையை இரவோடிரவாக ஒருவர் தோண்டிவிட்டால், பார்ப்பவர் குழியைக் கண்டு விலகிச் செல்வார். பாராதவர் விழுந்தே அதனை அறிவார். இற்றைப்படுத்தலுக்குப் பின்னர் கணினியின் முன் அமரும் திரைவாசிப்பான் பாவனையாளரின் நிலையும் இதனை ஒத்ததே. பட்டியல் இடம் மாறியிருக்கலாம். பழகிய விசைக் கட்டளை வேறொன்றுக்கு வழங்கப்பட்டிருக்கலாம். ஒலி வழங்கும் உட்கூறு பழுதடைந்து பேச்சே எழாதிருக்கலாம். இறுதியிற் கூறியதே மிகவும் கொடியது. பழுதைத் திருத்தும் வழியைத் திரை எழுத்தில் அறிவித்துக்கொண்டிருக்கும். அவ்வெழுத்தைப் படித்துக் கூறவேண்டிய குரலே அடங்கியிருக்கும். கணினி இயங்குகிறதா, இல்லையா என்பதைக்கூட அறிவதற்கு அவர் பிறர் கண்ணை நாடவேண்டியவராகிறார்.

இத்துன்பம் இயற்கையின் விளைவன்று, ஒரு வரிசைமுறையின் விளைவு என்பதை வரலாறு காட்டும். 1980களில் வழக்கிலிருந்த டொஸ் முறைமை எழுத்துக்களாலேயே இயங்கியது. எழுத்தைப் பேச்சாக்குதல் ஒப்பீட்டளவில் எளிதாதலின், விழிப்புலனற்றோர் பலர் அக்காலத்திலே கணினித் தொழிலில் இடம்பெற்றனர். ஜோஸ் என்னும் திரைவாசிப்பான் 1989இல் டொஸ் முறைமைக்கெனவே வெளிவந்தது. படங்களையும் சாளரங்களையும் அடிப்படையாகக் கொண்ட விண்டோஸ் பரவியபோது அவர்கள் பெற்றிருந்த இடம் ஆட்டங்கண்டது. 1995இல் விண்டோஸ் 95 வெளிவந்த காலத்தில், ஐக்கிய அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலப் பார்வையற்றோர் ஆணைக்குழு, விழிப்புலனற்ற ஊழியர் பயன்படுத்த இயலாத முறைமையை அரசு கொள்வனவு செய்தலாகாது என எதிர்ப்புத் தெரிவித்தது. திரைவாசிப்பான்களுக்குச் செய்தி வழங்கும் ஒழுங்கான வழியை மைக்ரோசொப்ட் தாபனம் 1997இலேயே வெளியிட்டது. இருபது ஆண்டுகளின் பின்னரும் வரிசைமுறை பெரிதும் மாறவில்லை. 2015இல் விண்டோஸ் 10 உடன் வந்த எட்ஜ் என்னும் புதிய உலாவி, தொடக்கத்தில் திரைவாசிப்பான்களோடு செவ்வனே இயங்கவில்லை. பாவனையாளர் பழைய உலாவியிலேயே தங்கவேண்டியதாயிற்று. ஏனையோருக்கு 2016 யூலையில் முடிவுற்ற இலவச மேம்படுத்தற் காலத்தை, துணைக்கருவிகளைப் பயன்படுத்துவோருக்கு மட்டும் அதன் பின்னரும் அத்தாபனம் நீடித்தமை, அவர்களது இடர்ப்பாடு அதற்கும் தெரிந்தே இருந்தது என்பதற்குச் சான்றாகும். முதலிற் பொருள், பின்னர் அணுகுவழி என்ற இந்த ஒழுங்கு தொழில்நுட்பத்தின் நியதியன்று. மனிதர் செய்த தெரிவே அது.

இந்நிலையை விழிப்புலனற்றோர் எவ்வாறு சமாளிக்கின்றனர்? புதிய பதிப்பு வெளிவந்ததும் அதனை ஏற்காது பொறுத்திருக்கின்றனர். முன்னரே ஏற்ற தம்மையொத்தோரிடம் என்ன உடைந்தது, என்ன மாறியது என உசாவுகின்றனர். கோப்புக்களுக்குப் பிரதியெடுத்து வைக்கின்றனர். ஒரு திரைவாசிப்பான் ஊமையானால் உதவுமென வேறொன்றையும் ஆயத்தமாக வைத்துக்கொள்கின்றனர். விண்டோஸ் 10இன் வீட்டுப் பதிப்பு வெளிவந்தபோது இற்றைப்படுத்தலைப் பிற்போடும் உரிமையே அதில் வழங்கப்படவில்லை. 35 நாள் வரை நிறுத்திவைக்கும் வசதி 2019இலேயே கிடைத்தது. விலை கொடுத்து வாங்கிய திரைவாசிப்பானின் பழைய பதிப்பு புதிய முறைமைக்குப் பொருந்தாதபோது, அதன் புதிய பதிப்புக்கும் பணம் செலுத்தவேண்டிய நிலை எழுகிறது. இவையனைத்தும் உழைப்பே. ஆயினும் இவ்வுழைப்பு எந்த ஊதியப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. அருகில் இருக்கும் சக ஊழியர் அரைமணி நேரத்தில் வேலையைத் தொடங்க, இவர் இரண்டு நாள் தம் கருவியோடு போராடினால், ‘இவர் மெதுவாகவே வேலை செய்கிறார்’ என்ற தீர்ப்பே மிஞ்சுகிறது. கருவியின் குறை மனிதரின் குறையாக எண்ணப்படுவதே இங்கு நிகழும் ஆழமான அநீதி.

அவ்வாறாயின் இற்றைப்படுத்தலை மறுத்துவிடலாமே என்று கூறுவது எளிது. ஆனால் அது சரியான விடையன்று. 2017 மே மாதத்தில் வனாகிரை என்னும் தீய மென்பொருள் பல நாடுகளின் கணினிகளை முடக்கியது. பிரித்தானிய வைத்தியசாலைகளும் அதற்குத் தப்பவில்லை. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வழங்கியிருந்தது. திருத்தத்தை ஏற்காதிருந்த கணினிகளே பெரும்பாலும் இரையாயின. இனி, புதுமை விழிப்புலனற்றோருக்குத் தீங்கே செய்தது என்று கூறுவதும் உண்மைக்கு மாறானது. 2009இல் வெளிவந்த ஐபோன் 3ஜிஎஸ், வொய்ஸ் ஓவர் என்னும் திரைவாசிப்பானைத் தன்னுள்ளேயே கொண்டு வந்தது. தனியே விலை கொடுத்து வாங்கவேண்டியிருந்த ஒன்று கருவியின் இயல்பான பகுதியாயிற்று. ஆகவே மாற்றத்தை ஒட்டுமொத்தமாகப் போற்றுவதும் ஒட்டுமொத்தமாகத் தூற்றுவதும் ஒருங்கே பயனற்றவை. மாற்றம் நிகழும் முறையே ஆராயத்தக்கது.

பழையது நீங்குவதையும் புதியது வருவதையும் வழுவாகக் கொள்ளலாகாது என்பது மொழி பற்றி நன்னூலார் வகுத்த விதி. அவ்விதி அறத்துக்கும் பொருந்துவது ஏன் என்பது சிந்திக்கத்தக்கது. மொழியின் மாற்றம் அதனை வழங்குவோராலேயே நிகழ்கிறது. பழஞ்சொல்லும் புதுச்சொல்லும் ஒரு தலைமுறைக் காலமேனும் அருகருகே வாழ்கின்றன. எவர் வாயும் ஒரே இரவில் அடைக்கப்படுவதில்லை. கணினியின் மாற்றமோ அதனை வழங்குவோரைக் கேளாமல் தொலைவிலிருந்து வருகிறது. இவ்விடத்து அமெரிக்க மெய்யியலாளர் ஜோன் றோல்ஸ் 1971இல் வெளியிட்ட ‘நீதி பற்றிய ஒரு கோட்பாடு’ என்னும் நூல் நமக்கு உதவுகிறது. சமுதாயத்தில் தமது இடம் எதுவாக அமையும் என்பதை அறியாத நிலையில் மனிதர் எவ்விதிகளை ஏற்பரோ அவையே நீதியான விதிகள் என்பது அவர் கூறும் அளவுகோல். நாளை விழிக்கும்போது தமக்குப் பார்வை இருக்குமோ இராதோ என்பதை அறியாத பொறியியலாளர் ஒருவர், பெயரற்ற பொத்தான்களோடு ஒரு பதிப்பை வெளியிட ஒப்புவாரா? ஒப்பமாட்டார். வெளியிடுவதற்கு முன் பாதிக்கப்படுவோரைக் கேட்டல், மாற்றத்தின் செலவை அவர்மீது மட்டும் சுமத்தாதிருத்தல், பழைய வழிக்கு மீளும் வாயிலைத் திறந்து வைத்தல் என்னும் மூன்றையும் அவர் தாமே வேண்டி நிற்பார்.

இதுகாறும் கூறியவை தொலைதேசத்துத் தாபனங்களைக் குற்றங்கூறுவதோடு அமைந்துவிடுமாயின் நமது விசாரணை நேர்மையானதாகாது. இதே வினா நமது மேசைமீதும் கிடக்கிறது. இலங்கைத் தமிழரிடையே பாமினி என்னும் எழுத்துரு நெடுங்காலமாக வழங்கிவருகிறது. அது உரோம எழுத்துக்களின் இருப்பிடத்திலே தமிழ் வடிவங்களை வைத்துக் காட்டும் உபாயம். ‘தமிழ்’ என்று நாம் அதிற் காண்பது கணினியைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு உரோம எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமேயாகும். திரைவாசிப்பான் அவற்றையே ஒலிக்கும். பாமினியில் அமைந்த விரிவுரைக் குறிப்பு ஒன்றைப் பெறும் விழிப்புலனற்ற மாணவர், தம் தாய்மொழியில் எழுதப்பட்ட பக்கத்திலிருந்து பொருளற்ற ஓசையையே கேட்கிறார். ஒருங்குறி என வழங்கும் யுனிகோட் முறையில் எழுதப்பட்டதாயின் அதே குறிப்பைத் தமிழாகவே கேட்கலாம். 1991இல் வெளியான யுனிகோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. விண்டோஸ் 2000 முதல் அது கணினியிலேயே அமைந்து வருகிறது. இருந்தும் நாம் ஏன் மாறாதிருக்கிறோம்? ‘விரல்கள் பழகிவிட்டன; புதிய விசைப்பலகையைக் கற்க நேரமில்லை; பழைய கோப்புக்கள் குவிந்துள்ளன’ என்கிறோம்.

இம்மறுமொழி பொய்யன்று. ஆனால் திரைவாசிப்பான் பாவனையாளர் இற்றைப்படுத்தலைக் கண்டு அஞ்சும்போது கூறுவதும் இதுவேயன்றோ? பழகிய விரலின் அருமையை நம் பொருட்டு உணரும் நாம், அவர் பொருட்டு உணர்வதில்லை. அவருக்குத் தீங்கு செய்யும் மாற்றம் அவரைக் கேளாமலே நிகழ்கிறது. அவருக்கு நலஞ்செய்யும் மாற்றம் அவர் கேட்டும் நிகழ்வதில்லை. முன்னையதில் அவர் பழமைவாதியாகவும் பின்னையதில் புதுமைவாதியாகவும் தோன்றுவார். உண்மையில் இரண்டிலும் அவர் வேண்டுவது ஒன்றே: தமது வாழ்வைப் பாதிக்கும் முடிவில் தாமும் எண்ணப்படவேண்டும் என்பதே அது. இங்கு சுமைகள் சமமானவையுமல்ல. நாம் மாறுவதற்குச் செலவாவது சில வாரப் பயிற்சி. நாம் மாறாதிருப்பதால் அவர் இழப்பது நூலை.

விழிப்புலனற்றோர் சிறு தொகையினர், அவர்களுக்காக அனைவரும் தாமதிக்கலாமா என்று வினவுவோர் உளர். எண்ணிக்கை வாதம் மொழிச் சிறுபான்மையினராகிய நமக்குப் புதிதன்று. அதன் வழுவை நாம் பிறருக்கு எடுத்துக்காட்டியும் வந்துள்ளோம். நமக்குத் தீங்கு செய்யும்போது வழுவாகத் தோன்றும் வாதம், நமக்கு வசதியாகும்போது நியாயமாகிவிடாது. அன்றியும் இவர்கள் உதவியை ஏற்பவர் மட்டுமல்லர். 2006இல் தொடங்கப்பெற்று இன்று இலவசமாக உலகெங்கும் வழங்கும் என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பானை ஆக்கியோர் மைக்கல் கரன், ஜேம்ஸ் தே என்னும் விழிப்புலனற்ற அவுஸ்திரேலியர் இருவரே. அதனோடு வரும் பேச்சுப்பொறி தமிழையும் பேசுகிறது. பாவனையாளர் ஆக்குவோராகவும் அமையும்போது, முடிவு செய்பவரும் விலை செலுத்துபவரும் ஒருவராகின்றனர். நாம் தொடக்கத்திற் கூறிய சிக்கலும் அங்கு பெருமளவு நீங்குகிறது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் நமது நாட்டில் உண்டு. தகவல் தொழில்நுட்பத்தை அணுகும் உரிமையையும் கூறும் ஐக்கிய நாடுகள் சமவாயத்தை 2016இல் இலங்கை ஏற்று உறுதி செய்தது. சட்டம் வாயிலைத் திறக்கலாம். படியை யாரேனும் அமைக்கவேண்டும். விரிவுரைக் குறிப்பை ஒருங்குறியில் வழங்குதல், அச்சுப் பக்கத்தின் படத்துக்குப் பதிலாக எழுத்துக் கோப்பைத் தருதல், புதிய மென்பொருளைத் திணைக்களத்திலோ நூலகத்திலோ நிறுவுமுன் அதனைப் பயன்படுத்தப்போகும் விழிப்புலனற்ற மாணவரை அழைத்துச் சோதித்துப் பார்த்தல் ஆகிய இவை எதற்கும் பெருநிதி வேண்டியதில்லை. ‘இம்மாற்றத்துக்கு யார் விலை கொடுக்கப்போகிறார், அவரைக் கேட்டோமா?’ என்னும் வினாவை முடிவுக்குப் பின்னரன்றி முடிவுக்கு முன்னரே எழுப்பும் பழக்கமே வேண்டும். அப்பழக்கம் அமையாத சமுதாயத்தில் எத்தனை புதிய பதிப்புக்கள் வெளிவரினும் அவற்றை முன்னேற்றம் என்று அழைப்பது பொருந்தாது.